காணாமல் போன நாற்பத்தாறு வோல்ட்

ஆகஸ்ட் 2

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகள் நலம். நம் பேத்தி நலமோ நலம். முந்தாநாள் மேல் பல் ஒன்று எட்டிப் பார்த்திருக்கிறது. அது முதல் என் விரலுக்குத்தான் நலம் இல்லை.

போனில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு மருமகள் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இனிமே போன்ல பேசிக்கவே கூடாது மாமா. நீங்க கத்துறீங்க, அம்மா அதுக்கு மேல கத்துறாங்க, நடுவுல புள்ள முழிச்சிக்குது. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்க. எழுதினா கை வலிக்கும், கோவம் தன்னால குறையும்." என் மகனும் வழக்கம்போலப் பெண்டாட்டி பக்கம் தலையாட்டினான். காலமெல்லாம் கடைகளுக்குப் போர்டு எழுதியே பிழைத்தவன் நான். எழுதினால் எனக்குக் கை வலிக்காது என்பதை அவள் யோசிக்கவில்லை.

ஆகவே என் வழக்கை எழுத்தில் வைக்கிறேன். என் பின்கட்டுக் கொட்டகையிலுள்ள மின்சூளைக்கு உங்கள் பட்டறையில் சுற்றிக் கொடுத்த கம்பிச் சுருள், அந்தக் காயில், சரியில்லை.

புதிதாகக் கட்டும் பள்ளிக்கூடத்தின் வாசல் சுவருக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு டைலில் படம் வரைந்து தந்திருக்கிறார்கள். ஒன்றில் பூனை, ஒன்றில் பஸ், ஒன்றில் என்னவென்று வரைந்த பிள்ளைக்கே தெரியாது. அதன்மேல் கண்ணாடிப் பூச்சு பூசி ஆயிரத்து ஐம்பது டிகிரியில் சுட்டால்தான் பூச்சு உருகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். அரைவேக்காடாக எடுத்தால் இரண்டு மழைக்குள் பூனையும் இருக்காது, பஸ்ஸும் இருக்காது. செப்டம்பர் முதல் தேதி திறப்பு விழா. என் சூளையோ தொள்ளாயிரம் வரை ஏறிவிட்டு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

கணக்கு தெரியாமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். புத்தகம் வாங்கிப் படித்தேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று எனக்கு ஒரே ஆனந்தம். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, பல்பு என்று வீட்டில் ஒன்றையும் விடவில்லை. என் வீட்டுக்காரி, "உங்க தலைக்கு எத்தனை ஓம்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் மீட்டர் வரவில்லை.

சூளைக்கு வருகிறேன். மீட்டரில் 230 வோல்ட், 20 ஆம்பியர். வகுத்தால் 11.5 ஓம். நீங்கள் சொன்னது 9.2. அது உண்மையாக இருந்தால் 25 ஆம்பியர் ஓட வேண்டும், 5750 வாட் கிடைக்க வேண்டும். கிடைப்பது 4600. மீதி எங்கே அம்மா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி இருக்கிறது. மெல்லிசுக் கம்பியைச் சுற்றி அனுப்பிவிட்டீர்களோ என்று போனில் கேட்டேன். இப்போதும் அதையே பணிவோடு கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஆகஸ்ட் 5

சம்பந்தி ஐயாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பல் முளைத்த செய்தியைத் தவிர மற்றதெல்லாம் தப்பு.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் என்று எனக்குச் சொல்லித் தந்ததற்கு நன்றி. கொல்லத் தெருவில் ஊசி விற்கக் கிளம்பிவிட்டீர்கள். நான் காயில் சுற்றித்தான் ஒரு மகளை வளர்த்து உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

என் பட்டறையில் நாலு பெண்கள் சுற்றுகிறார்கள். யார் சுற்றினாலும் கடைசியில் மீட்டர் வைத்துப் பார்ப்பது நான். உங்கள் காயிலை நானே உட்கார்ந்து சுற்றினேன், சம்பந்தி வீட்டுக்குப் போகிறதே என்று. குளிர்ந்திருக்கும்போது 8.9 ஓம். எந்தக் கம்பிக்கும் சூடேறினால் தடை கொஞ்சம் கூடும்; இந்த ரகத்துக்கு நூற்றுக்கு மூன்று நான்கு. சிவக்கச் சூடேறினால் 9.2 வரும். அதைத்தான் சொன்னேன்.

நீங்கள் நம்ப வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு, காயிலின் இரண்டு முனையையும் ஒயரிலிருந்து கழற்றிவிட்டு, கை மீட்டர் ஒன்றை வைத்துப் பாருங்கள். 8.9 காட்டவில்லை என்றால் என் பட்டறைப் பலகையை இறக்கிவிடுகிறேன். காட்டினால், கோணல் எங்கே என்று உங்கள் வீட்டில் தேடுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மெல்லிசுக் கம்பி என்று இரண்டாவது தடவையாகச் சொல்லியிருக்கிறீர்கள். பணிவோடு வேறு. வெளியாள் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீங்கள் சொன்னது எனக்கு ரொம்ப வலித்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

பேத்தியின் ஈறில் விரலை வைக்காதீர்கள்.

சம்பந்தி அம்மா


ஆகஸ்ட் 9

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மகன் மீட்டர் கொண்டுவந்தான். கழற்றினோம், வைத்தோம். 8.9. மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் 8.9. உங்கள் பலகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனால் மருமகள் பக்கத்தில் நிற்கிறாள்.

ஆனால் வழக்கு முடியவில்லை! மறுபடி மாட்டிச் சூளையை எரியவிட்டேன். 230 வோல்ட், 20 ஆம்பியர், 11.5 ஓம். கூடத்து மீட்டர்கள் பொய் சொல்லாது. மெயின் போர்டுக்குப் பக்கத்தில், உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். வோல்ட், ஆம்பியர் என்று தங்க நிறத்தில் நானே எழுதினேன். போர்டு எழுத வருகிறவர்கள் இரண்டு நிமிடம் நின்று பார்க்காமல் போவதில்லை. சூளை பின்னால் தூசியடைந்து கிடக்கிறது. அங்கே மாட்டினால் யார் பார்ப்பார்கள்?

ஆக, உங்கள் வாயாலேயே மாட்டிக்கொண்டீர்கள். சூடேறினால் கூடும் என்றீர்கள். குளிரில் 8.9, சூட்டில் 11.5. நூற்றுக்கு நாலா இது? இழுத்தால் நீளும் ரப்பர். மெல்லிசு என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மட்டரகம் என்று மாற்றிக்கொள்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. சூளைதான் சுணங்குகிறதே தவிர, உங்கள் மகள் சுகமாக இருக்கிறாள். அவள் அறைச் சுவர் ஒன்று இதமாக வெதுவெதுவென்று இருக்கிறது. இந்த அடைமழையிலும் குழந்தையின் துணிகளை அந்தச் சுவரோரம் கட்டிய கயிற்றில்தான் காயப் போடுகிறாள், மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. தொட்டிலையும் அந்தப் பக்கம் நகர்த்தியாகிவிட்டது. மேற்குப் பார்த்த சுவர், சாயங்கால வெயிலை வாங்கி வைத்திருக்கும் என்று சொன்னேன். ராசியான சுவர்.

நாளை மறுநாள் காலையிலிருந்து சூளையை விடாமல் எரியவிட்டுப் பார்க்கப் போகிறேன். எவ்வளவு நேரம்தான் அடம் பிடிக்கும்? அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.

சம்பந்தி


ஆகஸ்ட் 12

சம்பந்தி,

முதலில் நேற்றைக்கு மன்னியுங்கள். ஒப்பந்தத்தை மீறிப் போன் செய்தேன். உங்களை நலம்கூட விசாரிக்காமல் மகளிடம், "மெயின ஆஃப் பண்ணு, புள்ளைய எடுத்துக்கிட்டு வெளிய வா, அந்தச் சொவத்துப் பக்கம் யாரும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் எதற்கென்று கேட்காமல் செய்தாளே, அவளைப் பெற்ற வயிறு குளிர்ந்தது. சூளை காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்ததாம். அவள் வெளியே வந்து திரும்பக் கூப்பிட்டபோது, நீங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டது போனில் கேட்டது. சத்தத்துக்குக் காரணம் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்தேன். மட்டரகம் என்ற இடத்தில் ரத்தம் தலைக்கேறியது. அடுத்த பத்தியில் சுவர் வந்தது. அடைமழை என்கிறீர்கள், அப்புறம் சாயங்கால வெயில் என்கிறீர்கள். மழையில் ஏது வெயில்? அப்போதுதான் மூளையில் பொறி தட்டியது. மீட்டர் கூடத்தில். சூளை கொல்லையில். நடுவில்?

நடுவில் ஒயர் இருக்கிறது சம்பந்தி! அதுவும் கம்பிதானே, அதற்கும் தடை உண்டுதானே! கூடத்திலிருந்து கிளம்புகிற அதே 20 ஆம்பியர் முதலில் ஒயருக்குள் போகிறது, அப்புறம்தான் என் காயிலுக்கு வருகிறது. கூடத்தில் நின்று 230-ஐ 20-ஆல் வகுத்தால் வருவது காயிலின் தடை இல்லை. ஒயரும் காயிலும் சேர்ந்த தடை. உங்கள் 11.5 சரி. என் 9.2-ம் சரி. இரண்டு பேர் கணக்கும் சரி! பட்டறை நடுவில் நின்று ஒரு குதி குதித்தேன். பெண்கள் நாலு பேரும் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

மீதி 2.3 ஓம் ஒயரில். 20 ஆம்பியரால் பெருக்கினால் 46 வோல்ட். வழியிலேயே காணாமல் போகிற வோல்ட் அது. என் காயிலுக்கு வந்து சேர்வது 184-தான். 184-ஐ 20-ஆல் பெருக்குங்கள், 3680 வாட். 5750 கேட்கிற சூளைக்கு 3680 போட்டால் தொள்ளாயிரத்தில் உட்காராமல் என்ன செய்யும், பாவம்.

மீதிக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. 46 வோல்ட்டை 20 ஆம்பியரால் பெருக்கினால் 920 வாட். அது எங்கேயும் போகவில்லை, உங்கள் சுவருக்குள் எரிகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணிச் சுவருக்குள் வைத்துப் பூசினால் எப்படி இருக்கும், அப்படி. அந்தச் சுவரில் என் மகள் துணி காயப் போட்டிருக்கிறாள். அதன் பக்கத்தில் தொட்டிலை நகர்த்தியிருக்கிறாள். உடனே போனைத் தேடினேன்.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். சூளைக்கென்று பெரிதாக ஒன்றைப் போட்டிருப்பீர்கள். ஒயருக்குத் தகுந்த பிரேக்கர் போடாவிட்டால் அது குரைக்காத நாய்.

இப்போது ஒரு பந்தயம். நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தொட்டிலும் துணியும் மகளும் பேத்தியும் வேறு வீட்டில் இருக்கட்டும். காயில் சிவக்கிற வரை மட்டும் சூளையை ஓடவிட்டு, சூளையின் முனையிலேயே வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் தொட வேண்டாம். நான் இங்கே உட்கார்ந்தே சொல்கிறேன்: 184. முழுச் சூடு ஏறாததால் ஒன்றிரண்டு குறையலாம். மாறாக 230 காட்டினால், புதுக் காயில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்று, மட்டரகம் என்று நானே சொல்கிறேன்.

சீக்கிரம் எழுதுங்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சம்பந்தி அம்மா


ஆகஸ்ட் 16

சம்பந்தி அம்மா!

183!

நூற்று எண்பத்து மூன்று! எலக்ட்ரீஷியன் கையில் மீட்டர், அவர் தோளுக்கு மேலாக நான், என் தோளுக்கு மேலாக மகன். கூடத்தில் 230 காட்டிக்கொண்டிருக்கிறது, அதே ஒயரின் இந்த முனையில் 183. "எப்படிங்க மொதல்லயே சொன்னீங்க?" என்று அவர் கேட்டார். "எங்க சம்பந்தி அம்மா பக்கத்து ஊர்லகூட இல்ல, எங்கேயோ உக்காந்துக்கிட்டுச் சொன்னாங்க" என்றேன். நெஞ்சு இப்படி நிமிர்ந்துவிட்டது, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. ஒரு வோல்ட் குறைகிறதே என்று உங்களை மடக்கலாமா என்று பார்த்தேன். அதற்கும் முன்கூட்டியே வழி வைத்துவிட்டீர்கள்.

அந்தச் சந்தோஷம் சுவரை உடைக்கிற வரைதான். மருமகள் அறைப் பக்கம் பூச்சைத் தட்டியெடுத்தபோது நானும் நின்றேன். ஒயரின் மேலுறை முழுக்கப் பழுப்பேறி, விரல் பட்டால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஓரிடத்தில் செம்பு வெளியே தெரிந்தது. கொட்டகையில் ஒரு பல்பும் ஒரு விசிறியும் மட்டும் இருந்த காலத்தில் நான் போட்ட ஒயர் அது. சூளை வாங்கியபோது அதிலேயே மாட்டிவிட்டேன். பல்பு எரிந்த ஒயர்தானே, சூளையும் எரியும் என்று நினைத்தேன். எலக்ட்ரீஷியன், "இன்னும் ரெண்டு மூணு தடவ சூளைய ஓட்டியிருந்தீங்கன்னா நாம இப்ப இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டோம் ஐயா" என்றார். என் வீட்டுக்காரி அந்தத் தொட்டிலை இன்னும் வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை.

மெல்லிசுக் கம்பி என்று உங்களைச் சொன்னேன். மெல்லிசுக் கம்பி என் சுவருக்குள் இருந்தது. மட்டரகம் என்றும் சொன்னேன். இரண்டையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் நல்லா இருக்கணும் அம்மா. உங்கள் மகளையும் பேத்தியையும் எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இனி டைல். அந்த ஒயரைப் பிடுங்கியாகிவிட்டது. சூளைக்கு இப்போது கரண்டே இல்லை. பழைய ஒயர் ஏன் மூன்று அறையைச் சுற்றிப் போனது என்றால், கூடத்துப் பின்சுவரில் நான் அகரம் முதல் ஔகாரம் வரை பன்னிரண்டு எழுத்தைப் பன்னிரண்டு பாணியில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் வேலை கொடுக்க வருகிறார்கள். அதன்மேல் ஒயர் போகக் கூடாதென்று வீட்டையே சுற்ற வைத்தேன். பழைய வழியிலேயே தடித்த ஒயரைப் போடலாமா? உங்கள் கணக்கு என்ன சொல்கிறது? எழுத்துக்களைக் காப்பாற்ற ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

அவசரத்தில்,
சம்பந்தி


ஆகஸ்ட் 19

அன்புள்ள சம்பந்தி ஐயாவுக்கு,

183-ஐப் படித்துவிட்டுப் பட்டறையில் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒயரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் காப்பியைக் குடிக்க முடியவில்லை.

மெல்லிசு, மட்டரகம் எல்லாம் போகட்டும். அடம் பிடித்து 11.5 என்று நீங்கள் எழுதிக்கொண்டே இருந்ததால்தான் எனக்குப் புரிந்தது. என் 9.2-க்குப் பயந்து நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த ஒயர் உள்ளேயே எரிந்துகொண்டிருக்கும். நம் சண்டைக்கும் ஒரு பலன் இருந்திருக்கிறது.

வழி கேட்டீர்கள். பழைய வழி வேண்டாம். சுற்றிப் போகிற ஒவ்வொரு அடியும் தடைதான். அத்தனை தூரத்துக்கு ஈடுகட்ட ரொம்பத் தடித்த ஒயர் வேண்டும். மூன்று அறைச் சுவரையும் உடைத்துப் பூசிக் காய்வதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடுவார்கள். உங்கள் எழுத்துச் சுவர் வழியாக நேரே போனால் பதினெட்டு மீட்டர் என்று மாப்பிள்ளை அளந்து சொன்னார். அந்த தூரத்துக்கு ஆறு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், போக வர இரண்டும் சேர்த்து 0.11 ஓம். காயிலின் 9.2-ஐச் சேர்த்தால் 9.31. 230-ஐ இதால் வகுங்கள், 24.7 ஆம்பியர். வழியில் தொலைவது மூன்று வோல்ட்கூட இல்லை. சுவரோரம் வீணாவது ஒரு குண்டு பல்பு அளவுக்கு, அதுவும் அவ்வளவு நீளத்துக்கும் பரவி. கை வைத்தால் தெரியவே தெரியாது. சூளைக்கு 5600 வாட்டுக்கு மேல் கிடைக்கும்.

சுவருக்குள் புதைக்காதீர்கள். குழாயில் போட்டு வெளியே தெரிகிற மாதிரி போகட்டும். எழுத்தின்மேல் குழாய் போவது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் காயிலை ஒருவர் மிதித்தால் எனக்கு அப்படித்தான் இருக்கும். ஆனாலும் வேறு வழி இல்லை ஐயா, கணக்கு தாட்சண்யம் பார்க்காது. பிரேக்கரையும் ஒயருக்குத் தகுந்ததாக அவரையே போடச் சொல்லுங்கள். உங்கள் தங்க எழுத்து வோல்ட் மீட்டரைக் கழற்றிச் சூளைப் பக்கம் கொண்டுபோய் மாட்டுங்கள்.

ஒரு ஆசை. சரியாக வெந்த டைலை விரலால் தட்டினால் மணி மாதிரிக் கேட்கும், வேகாதது பலகை மாதிரிக் கேட்கும் என்று மகள் சொன்னாள். நான் இத்தனை வருடமாகக் காயில் சுற்றுகிறேன். பெட்டியில் வைத்து அனுப்புவதோடு சரி. அது போன இடத்தில் என்ன வெந்தது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, என்னால் வர முடியாது. சூளையைத் திறக்கிற அன்று மகளைப் போனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாம் பேச வேண்டாம். நீங்கள் தட்டுங்கள், நான் கேட்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தி அம்மா


ஆகஸ்ட் 26

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

சூளைக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே பிள்ளைகளின் டைல் அத்தனையும் இருக்கிறது. வேறு டைலை வைத்து வெள்ளோட்டம் பார்க்க நாள் இல்லை. பள்ளிக்கூடத்து மேஸ்திரி டைல் ஒட்டும் பசையோடு காத்திருக்கிறார். சாண் ஏறினால் முழம் சறுக்காமல் இருக்க வேண்டும்.

குழாய் போட்டாயிற்று. ஒகரத்துக்கு நடுவில் போகிறது. ஆணி அடித்தபோது நான் வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தேன், பரவாயில்லை.

வோல்ட் மீட்டர் இப்போது என் மூக்குக்கு நேரே. 227. கூடத்தில் ஆம்பியர் 24.7, மகன் பார்த்துச் சொன்னான். வகுத்துவிட்டேன்: 9.19. அடடா, கையைக் கொடுங்கள்! பெருக்கியும் பார்த்துவிட்டேன்: 5607. என் வீட்டுக்காரி, "கடவுள் பேரைச் சொல்ற நேரத்துல வாய்ப்பாடு சொல்றீங்களே" என்கிறாள்.

எண்ணூறு டிகிரி. இதுவரைக்கும் போன தடவையும் வந்தது. நம்ப மாட்டேன்.

எண்ணூற்று எண்பது. மகன் அந்தச் சுவர், இந்தச் சுவர், குழாய் எல்லாவற்றையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருக்கிறான். எல்லாம் ஜில்லென்று இருக்கிறதாம்.

தொள்ளாயிரம். முள் நிற்கிற மாதிரி இருக்கிறது. நிற்கிறதா? எழுத முடியவில்லை.

நிற்கவில்லை! தொள்ளாயிரத்துப் பத்து! தாண்டிவிட்டது அம்மா, தாண்டிவிட்டது! மருமகள் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறாள், குழந்தை எதற்கென்று தெரியாமல் சிரிக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "யாருக்குக் கொழந்த பொறந்துச்சு?" என்று கேட்டார்.

தொள்ளாயிரத்து எழுபது. சூளைக் கதவின் கண்துளையில் பார்த்தால் ஆரஞ்சு நிறம். இந்த நிறத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் எழுதிய எந்தப் போர்டிலும் இந்த நிறத்தைக் கொண்டுவர முடியாது.

ஆயிரம்.

ஆயிரத்து ஐம்பது. அணைத்துவிட்டேன்.

இனித்தான் பயம். நாளை முழுக்க ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் வெடித்துவிடும். உள்ளே பூனை பூனையாக இருக்கிறதா, பஸ் உருகி ஓடிவிட்டதா, எதுவும் தெரியாது. சூடு ஏறிவிட்டது என்பது மட்டும்தான் தெரியும். அதற்கு மேல் என்ன நடந்திருக்கிறது என்று எந்த மீட்டரும் சொல்லாது. நாளை மறுநாள் காலை பத்து மணிக்குத் திறக்கிறேன். மருமகள் போனைப் பிடித்துக்கொள்வாள். முதல் டைலாக அந்த என்னவென்று தெரியாத படத்தைத்தான் எடுக்கப் போகிறேன்.

உங்கள்
சம்பந்தி


ஆகஸ்ட் 28

அன்புள்ள சம்பந்தி ஐயாவுக்கு,

இதைப் பட்டறையிலிருந்தே எழுதுகிறேன். இன்னும் மெஷின்களை ஓட்ட ஆரம்பிக்கவில்லை. "பத்து மணிக்கு ஒரு சத்தம் வரணும், எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றேன். நாலு பெண்களும் என்னைச் சுற்றி நின்றார்கள். போனை மேஜை நடுவில் வைத்தேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. எங்களில் ஒருத்தி, "வேகலையோ?" என்று முணுமுணுத்தாள். அவளை முறைத்தேன். எனக்கும் அதே பயம்தான்.

அப்புறம் தட்டினீர்கள்.

கேட்டது ஐயா. என் பட்டறையில் இத்தனை வருடம் மோட்டார் சத்தம்தான் கேட்டிருக்கிறது, இப்படி ஒன்று கேட்டதே இல்லை. அடுத்ததையும் தட்டினீர்கள், அதற்கடுத்ததையும் தட்டினீர்கள். பெண்கள் எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டுக் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றுகூடப் பலகை மாதிரிக் கேட்கவில்லை.

கடைசி டைலுக்குப் பிறகு யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மகள் இல்லை, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பேத்தியும் இல்லை. யாரென்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று காத்திருந்தேன், நீங்களும் நான் பேசுவேன் என்று காத்திருந்திருப்பீர்கள். பேசக் கூடாது என்பதற்காக நான் சும்மா இருக்கவில்லை. நானும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
சம்பந்தி அம்மா